காலை ஆகாரத்திற்கு எந்தத் தானியம்?



காலையில் வீட்டில் என்ன ஆகாரம் என்பது சிறிய கேள்வியாகத் தோன்றும். ஆனால் ஆண்டுக்கு 365 முறை அந்தக் கேள்விக்கு நாம் விடை சொல்கிறோம். பத்து ஆண்டுகளில் அந்த விடைகள் எல்லாம் சேர்ந்து நம் இரத்தத்திலும் எலும்பிலும் தெரியவரும். இரத்தசோகை, சர்க்கரை வியாதி, உடல் பருமன், மலச்சிக்கல் ஆகிய எல்லாவற்றிலும் காலைத் தட்டுக்கு ஒரு பங்கு உண்டு.

முன்பெல்லாம் இட்லியா, பழைய சோறா, கூழா என்பதோடு கேள்வி முடிந்துவிடும். இன்று திருச்சியில் எந்தப் பெரிய மளிகைக் கடைக்குப் போனாலும் கார்ன்ஃபிளேக்ஸ், ஓட்ஸ், மூஸ்லி, ராகி ஃபிளேக்ஸ், ஹெல்த் மிக்ஸ் என்று ஒரு அலமாரியே நிற்கிறது. எல்லாப் பெட்டியும் "ஆரோக்கியம்" என்றுதான் சொல்கிறது. எதை நம்புவது? எதை வாங்குவது? இந்தப் பாடத்தில் அதைப் படிப்படியாகக் காண்போம்.

1. தானியத்தின் உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு நெல்மணியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது உமி. அது நமக்கு ஆகாரம் அல்ல. உமியை நீக்கினால் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய தோல் தெரியும். அதுவே தவிடு. மணியின் ஒரு முனையில் சிறு புள்ளி போல இருப்பது முளைக்கரு. மீதி எல்லாம் வெள்ளை மாவுப் பகுதி.

மாவுப் பகுதி நமக்குப் பெலன் தருகிறது. ஆனால் நார்ச்சத்தும், பி வைட்டமின்களும், இரும்புச்சத்தும், நல்ல எண்ணெயும் பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலும்தான் இருக்கின்றன. மில்லில் அரிசியைப் பளபளவென்று தீட்டும்போது இவை போய்விடுகின்றன. தவிடு மாட்டுக்குப் போகிறது, வெள்ளைப் பகுதி நமக்கு வருகிறது. கோதுமையை மைதாவாக்கும்போதும் இதுவே நடக்கிறது.

வியாபாரிக்கு இதில் ஒரு வசதி உண்டு. தவிட்டில் உள்ள எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். அதை நீக்கிவிட்டால் அரிசியும் மாவும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஆகவே, "மிகவும் வெள்ளையாக, மிகவும் நைசாக, மிக நீண்ட நாள் கெடாமல்" இருக்கும் தானியம் பெரும்பாலும் சத்துக் குறைந்த தானியமே. இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் பாடத்தின் பாதி முடிந்தது.

2. குன்னூரில் கிடைத்த பாடம்

தவிட்டின் மதிப்பை உலகம் ஒரு வியாதியின் மூலம் அறிந்துகொண்டது. பெரிபெரி என்னும் அந்த வியாதியில் கால்கள் பெலவீனமாகி, வீங்கி, இருதயமும் தளர்ந்துவிடும். 1890களில் ஜாவா தீவில் பணிபுரிந்த டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் ஐக்மன், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளின் கால்கள் தளர்வதையும், தீட்டாத அரிசி கொடுத்தால் அவை தேறுவதையும் கண்டார். இதற்காக 1929ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. தவிட்டில் இருந்த பொருள் தயமின் என்னும் பி1 வைட்டமின் என்பது பிறகு தெரிந்தது.

நம் மாகாணத்திலும் இதே ஆராய்ச்சி நடந்தது. 1918இல் ராபர்ட் மெக்கரிசன் என்னும் மருத்துவர் நீலகிரி மலையில் குன்னூரில் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார. அது வளர்ந்து, பிற்காலத்தில் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. பழைய சென்னை மாகாணத்தின் வடக்கே, தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி அதிகம் இருந்தது. தமிழ் மாவட்டங்களில் அது அரிது. இரு பக்கத்தாரும் அரிசி உண்பவர்களே. அப்படியானால் வித்தியாசம் எங்கே?

அங்கே தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது, தவிட்டில் உள்ள தயமின் மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையிலும், தீட்டிய புழுங்கல் அரிசியில் தயமின் பச்சரிசியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருப்பதைக் காணலாம்.

நம் வீட்டு இட்லிக்குப் புழுங்கல் அரிசி போடுவது வெறும் பழக்கம் அல்ல என்று இதிலிருந்து அறிகிறோம். தானியத்தின் பெயர் மட்டும் போதாது, அந்தத் தானியத்திற்கு என்ன செய்தார்கள் என்பதே முக்கியம்.

3. பெட்டி உணவு ஒரு மருத்துவமனையில் பிறந்தது

கார்ன்ஃபிளேக்ஸ் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் பிறந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்னும் ஊரில், ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார் 1866இல் ஒரு சுகாதார நிலையத்தை நிறுவினார்கள். 1876இல் அதன் பொறுப்பை ஏற்ற டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், இறைச்சியில்லாத எளிய உணவைத் தம் வியாதியஸ்தருக்குக் கொடுத்தார். 1894இல் அவரும் தம்பி வில் கீத் கெல்லாக்கும், வேகவைத்த கோதுமையை உருளைகளில் நசுக்கிச் சுட்டு, மெல்லிய வில்லைகளாக்கும் முறையைக் கண்டார்கள். மக்காச்சோளம் அதற்குப் பிறகு வந்தது.

1906இல் தம்பி தனியே கம்பெனி தொடங்கினார். ருசிக்காகச் சர்க்கரை சேர்ப்பதா வேண்டாமா என்பதில் அண்ணன் தம்பிக்குள் மனவருத்தம் உண்டாயிற்று. சர்க்கரைதான் வென்றது. வியாதியஸ்தருக்கென்று தொடங்கிய எளிய ஆகாரம், சில தலைமுறைகளில் குழந்தைகளுக்கான இனிப்புப் பண்டத்தின் பக்கமாக நகர்ந்தது. அந்தக் கம்பெனி 1994இல் இந்தியாவுக்கு வந்தது. குளிர்ந்த பாலில் மொறுமொறுப்பாக உண்ணவேண்டிய அந்த வில்லைகளை, நம்மவர்கள் தங்கள் வழக்கப்படி சூடான பாலில் போட்டார்கள். அது கூழாகிவிட்டது!

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு மூத்த உறவு உண்டு. அதுதான் அவல். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்குகிறோம். அடுப்பு மூட்டாமலே பாலிலோ மோரிலோ ஊறவைத்து உண்ணலாம். சிவப்பு அவலில் தவிடும் ஓரளவு தங்கியிருக்கிறது. அவசரமான காலையில் சமைக்க நேரமில்லை என்போர் இதை நினைவில் கொள்ளலாம்.

4. நம் பக்கத்துத் தானியங்கள்

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கம் தீவும், உய்யகொண்டான் வாய்க்கால் பாயும் பகுதிகளும் நெல் விளையும் பூமி. ஆற்றைவிட்டு மணப்பாறை, துறையூர் பக்கம் போனால் மானாவாரி நிலம். அங்கே சோளமும் கம்பும் வரகும் விளைகின்றன. வடக்கே பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் ஏராளம், ஆனால் அதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. கோதுமை இங்கே விளைவதில்லை. ஆனாலும் அது நமக்கு அந்நியம் அல்ல. ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியார் மரபையொட்டிக் காலையில் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் படைக்கும் வழக்கம் ஊரறிந்த செய்தி.

இனி இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கீழே உள்ள எண்கள் சமைக்காத 100 கிராம் தானியத்துக்குரியவை.

அரிசி: தீட்டிய அரிசியில் புரதம் சுமார் 8 கிராம், நார்ச்சத்து 3 கிராம், இரும்பு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. எளிதில் செரிக்கும். தனியே உண்டால் சத்து போதாது. ஆனால் உளுந்தோடு சேர்ந்து இட்லியாகும்போதும், பாசிப்பருப்போடு சேர்ந்து பொங்கலாகும்போதும் நல்ல ஆகாரமாகிறது.

கேழ்வரகு: கிராமங்களில் கேப்பை என்பார்கள். சுண்ணாம்புச் சத்து 364 மில்லிகிராம். வேறு எந்தத் தானியமும் இதற்கு அருகில் வராது. நார்ச்சத்து 11 கிராம், இரும்பு 4 முதல் 5 மில்லிகிராம். புரதம் 7 கிராம்தான். ஆகவே இதற்குப் பருப்பின் துணை வேண்டும்.

கம்பு: புரதம் 11 கிராம், நார்ச்சத்து 11 கிராம், இரும்பு 6 மில்லிகிராம். எண்ணெய்ச் சத்தும் அதிகம். அதனால் கம்பு மாவு சில நாட்களில் கசந்துவிடும். தானியமாக வாங்கி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைக்கவேண்டும்.

வரகு, சாமை: புரதம் 9 முதல் 10 கிராம், நார்ச்சத்து 6 முதல் 8 கிராம். அரிசியைப் போலவே பொங்கலும் உப்புமாவும் செய்யலாம். ஆனால் கடையில் இவற்றையும் வெள்ளையாகத் தீட்டி விற்கிறார்கள். சற்றுப் பழுப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

முழுக் கோதுமை மாவு: புரதம் 10 கிராம், நார்ச்சத்து 11 கிராம். சப்பாத்தி, கோதுமை தோசை, சம்பா ரவை உப்புமா ஆகியவை நல்லவை. வெள்ளை ரவையும் சேமியாவும் இந்தக் கணக்கில் சேரா.

ஓட்ஸ்: குளிர்நாட்டுப் பயிர். இதில் உள்ள பீட்டா குளுக்கான் என்னும் நார்ச்சத்து, நாளொன்றுக்குச் சுமார் 3 கிராம் உடலில் சேர்ந்தால் கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும். அதற்கு 60 முதல் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். மசாலா ஓட்ஸ் பாக்கெட்டில் உப்பு அதிகம். வாங்குவதானால் எதுவும் சேர்க்காத ஓட்ஸை வாங்குங்கள். பிடிக்கவில்லையானால் கவலை வேண்டாம். ஓட்ஸ் இல்லாமலும் நல்ல காலை ஆகாரம் உண்டு.

5. தானியம் தனியே போதாது

தானியப் புரதத்தில் லைசின் என்னும் பொருள் குறைவு, பருப்பில் அது நிறைவு. பருப்பில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இட்லிக்கு உளுந்தும், பொங்கலுக்குப் பாசிப்பருப்பும், அடைக்குத் துவரையும் கடலையும் சேர்த்தது இதனால் நமக்கு நன்மையாயிற்று. வேதாகமத்தில் எசேக்கியேல் 4ஆம் அதிகாரத்தில், முற்றுகைக் காலத்துக்கான அப்பத்திலும் தானியங்களோடு பயறு வகைகள் சேர்க்கப்பட்டிருப்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இரும்புச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. கம்பிலும் கேழ்வரகிலும் இரும்பு இருந்தாலும், அவற்றில் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் அது உடலில் சேருவதைத் தடுக்கிறது. தானியத்தை முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அந்தத் தடை குறையும். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா இவற்றில் ஒன்றைக் கூட உண்டால் இரும்பு நன்றாகச் சேரும். காபியும் டீயும் அதற்கு எதிர். ஆகாரத்தோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. திருச்சிக்காரரிடம் காலைக் காபியை விடச் சொல்வது கடினம். தள்ளி வைக்கச் சொல்லலாம் அல்லவா?

6. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பாக்கெட்டின் முன்பக்கம் வியாபாரியின் பேச்சு. பின்பக்கம் சட்டம் கேட்கிற பேச்சு. ஆகவே திருப்பிப் பாருங்கள். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு பாடம்.

முதலாவது, "இன்கிரீடியன்ட்ஸ்" என்ற இடம். சேர்க்கப்பட்ட பொருள்கள் எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக இருக்கும். முதல் பெயர் முழுத் தானியமாக இருக்கவேண்டும். முதல் மூன்றுக்குள் சர்க்கரை வந்தால் அது இனிப்புப் பண்டம். "ராகி" என்று முன்னால் பெரிதாக எழுதிவிட்டு, பின்னால் ராகி 10 விழுக்காடும் மீதி அரிசிமாவும் இருக்கக்கூடும். "மல்டிகிரெய்ன்" என்றால் பல தானியம் என்று மட்டுமே பொருள், முழுத் தானியம் என்று பொருள் அல்ல.

இரண்டாவது, சர்க்கரையின் மாற்றுப் பெயர்கள். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ், இன்வர்ட் சிரப், தேன், வெல்லம் எல்லாம் சர்க்கரையின் குடும்பமே. மால்டோடெக்ஸ்ட்ரின் இனிக்காது, ஆனால் இரத்தத்தில் வேகமாகச் சர்க்கரையாகும்.

மூன்றாவது, 100 கிராமுக்குரிய எண்கள். "சுகர்" 5 கிராமுக்குள் இருந்தால் குறைவு, 22.5 கிராமைத் தாண்டினால் மிக அதிகம். "டயட்டரி ஃபைபர்" 6 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் நல்லது. "சோடியம்" 120 மில்லிகிராமுக்குள் குறைவு, 600ஐத் தாண்டினால் அதிகம்.

நான்காவது, "ஒரு வேளை அளவு" என்று அச்சிட்டிருப்பது. பெரும்பாலும் அது 30 கிராம். வளரும் பையன் 60 கிராம் சாப்பிடுவான். 100 கிராமில் 30 கிராம் சர்க்கரை உள்ள பெட்டியில் அவன் 60 கிராம் உண்டால், 18 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் நான்கு தேக்கரண்டி, காலையிலேயே சேர்ந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன ஆலோசனைப்படி, பெரியவருக்கே நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருப்பது உத்தமம்.

ஐந்தாவது, விலை. பெட்டியின் விலையைக் கிராமால் வகுத்து, 100 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். அதே காசுக்கு எவ்வளவு கேழ்வரகும், எத்தனை முட்டையும், எவ்வளவு பாலும் வரும் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வருமானம் குறைந்த வீட்டில் ஒரு பெட்டி வாங்கினால் அந்த வாரம் பருப்போ முட்டையோ குறைகிறது. உண்மையான நஷ்டம் அங்கேதான்.

7. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகக் கணக்கிட்டது. இவர்களில் பலர், "நான் அரிசியை விட்டுவிட்டேன், கேழ்வரகுக் கூழ்தான், ஆகவே மாத்திரை தேவையில்லை" என்கிறார்கள். இது ஆபத்தான எண்ணம்.

100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால், கேழ்வரகில் 67, கோதுமை மாவில் 64, கம்பில் 62 கிராம். வித்தியாசம் உண்டு, ஆனால் பெரிய வித்தியாசம் அல்ல. சிறுதானியத்தின் நன்மை அதன் நாரிலும், மெல்லச் செரிக்கும் தன்மையிலும் இருக்கிறது. அதை நைசாக அரைத்து, வடிகட்டி, வெல்லம் போட்டுக் கூழாகக் குடித்தால் அந்த நன்மையில் பெரும்பகுதி போய்விடும். களியாகவோ, அடையாகவோ, ரொட்டியாகவோ மென்று உண்பது மேல். அதுவும் அளவோடு வேண்டும்.

தட்டை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு பருப்பு அல்லது முட்டை, கால் தட்டு தானியம். மூன்று இட்லி உண்பவர் சட்னியோடு நிறுத்தாமல், காய் நிறைந்த சாம்பாரைக் கிண்ணம் நிறைய ஊற்றிக்கொள்ளட்டும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும், மருந்தை எடுத்துக்கொண்டு காலை ஆகாரத்தைத் தவிர்க்கவே கூடாது. வியர்வை, நடுக்கம், மயக்கம் கண்டால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அறியவேண்டும். உணர்வு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பிறகு ஆகாரம் உண்டு, மருத்துவரைப் பார்க்கவேண்டும். உணர்வு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். உபவாசம் இருக்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி மருந்தின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிறுநீரக வியாதி உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. முழுத் தானியத்திலும் பருப்பிலும் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் அவர்களில் சிலருக்கு ஆகாது. அவர்கள் இந்தப் பாடத்தைப் பின்பற்றுமுன் தங்கள் மருத்துவரைக் கேட்கவேண்டும்.

8. பிள்ளைகளின் காலை

பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் காரியத்தில் நம் மாவட்டத்துக்குச் சரித்திரத்தில் இடம் உண்டு. சத்துணவுத் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில்தான் தொடங்கினார். அது மதிய உணவு. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அது மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவடைந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவற்றோடு காய்கறிச் சாம்பார் என்பது அதன் பட்டியல். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் தானியம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்று அளவும் வகுத்தார்கள். வீட்டிலும் இந்த அளவை நினைவில் கொள்ளலாம். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு.

ஆறு மாதம் முடியும்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. தண்ணீரும் வேண்டாம், டின் உணவும் வேண்டாம். அதற்குப் பிறகு, வீட்டில் குழைய வேகவைத்த பருப்புச் சோறு, முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி, மசித்த பழம், முட்டை என்று படிப்படியாகச் சேர்த்து, தாய்ப்பாலை இரண்டு வயதுவரை தொடரலாம். ஒரு வயது வரை சர்க்கரையும் உப்பும் தேவையில்லை, தேன் கூடவே கூடாது.

9. வியாதியஸ்தரைப் பார்க்கப் போகும்போது

நம் ஊரில் மருத்துவமனைக்குப் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு பாட்டில் சத்துப் பானமும், ஒரு ரொட்டிப் பாக்கெட்டும், நாலு ஆரஞ்சும் இருக்கும். அன்பு நிறைந்த வழக்கம். ஆனால் அந்தப் பானங்கள் பலவற்றில் சர்க்கரை மிகுதி. 2024 ஏப்ரலில், இணைய வியாபார நிறுவனங்கள் இப்படிப்பட்ட பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பில் வைத்து விற்கக் கூடாது என்று மத்திய அரசு கூறியது. உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை என்பது காரணம். ஆபரேஷன் புண் ஆறவேண்டியவருக்கு வேண்டியது புரதம். வெள்ளை ரொட்டியிலும் இனிப்புப் பானத்திலும் அது சொற்பம். வார்டு நர்சிடம் என்ன கொடுக்கலாம் என்று கேட்டுவிட்டு, அவித்த முட்டை, சுண்டல், கொய்யா, மோர் என்று கொண்டுபோனால் அதுவே மேலான அன்பு.

தர்மமாக உணவுப் பொருள் அனுப்ப நினைப்போருக்கும் ஒரு வார்த்தை. குழந்தைப் பால் பவுடரும், புட்டியும், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான டின் உணவும் தானமாகக் கொடுக்கும் பொருள்கள் அல்ல. 1992இல் இயற்றப்பட்டு 2003இல் திருத்தப்பட்ட மத்திய அரசுச் சட்டம், அநாதை இல்லங்களுக்குத் தவிர வேறு யாருக்கும் அவற்றைத் தானமாக வழங்குவதைத் தடுக்கிறது. நல்ல எண்ணத்தோடு வரும் ஒரு டின், ஏழைத் தாயின் பால் வற்றக் காரணமாகிவிடும். டின் தீர்ந்தபின் அடுத்ததை வாங்க அவளிடம் காசு இராது. அதற்குப் பதிலாக அந்தத் தாய்க்கு வேண்டிய பருப்பு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, காய்ந்த சுத்தமான கேழ்வரகு ஆகியவற்றைக் கொடுங்கள். தாய் நன்றாக உண்டால் பிள்ளையும் பிழைக்கும். எங்கு அனுப்பினாலும், அங்குள்ள சமையலறையில் என்ன தேவை என்று முன்னதாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

10. வீட்டிலேயே சத்துமாவு

1 கிலோவுக்கு வேண்டியவை: கேழ்வரகு 400 கிராம், கம்பு 200 கிராம், பாசிப்பருப்பு 200 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், நிலக்கடலை 100 கிராம்.

கேழ்வரகையும் கம்பையும் கல் நீக்கிக் கழுவி, ஓர் இரவு ஊறவையுங்கள். தண்ணீரை வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்றரை நாளில் முளை எட்டிப்பார்க்கும். நன்றாகக் காயவைத்து, வாசனை வரும்வரை இளம் சூட்டில் வறுங்கள். பாசிப்பருப்பைத் தனியே வறுத்து, பொட்டுக்கடலையோடு சேர்த்து மில்லில் அரையுங்கள். நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, வீட்டில் பொடித்துக் கலந்துகொள்ளுங்கள். பூஞ்சை பிடித்த கடலை ஒன்றுகூட வேண்டாம், அது ஈரலுக்குக் கேடு. மாவைச் சலிக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

இந்த மாவில் 100 கிராமுக்குப் புரதம் சுமார் 14 கிராம், சுண்ணாம்புச் சத்து சுமார் 170 மில்லிகிராம் இருக்கும். ஒருவருக்கு 30 கிராம் எடுத்து, கட்டியில்லாமல் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் வேகவைத்து, பாலோ மோரோ சேர்த்துக் குடிக்கலாம். பெரியவர்கள் உப்பும் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் சர்க்கரையின் நினைவே வராது.

நினைவில் கொள்ள

தவிடு நீக்காத தானியத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதோடு மூன்றில் ஒரு பங்கு பருப்பைச் சேருங்கள். காயோ பழமோ ஒன்று தட்டில் இருக்கட்டும். பாக்கெட் வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். எந்தத் தானியமும் மருந்துக்குப் பதில் ஆகாது.

குடும்பமாகப் பேச

1. கடந்த ஏழு நாட்களில் நம் வீட்டுக் காலை ஆகாரத்தில் எத்தனை நாள் பருப்போ முட்டையோ இருந்தது?
2. நம் அலமாரியில் உள்ள ஒரு பாக்கெட்டை எடுத்து, முதல் மூன்று பொருள்களையும் 100 கிராமில் உள்ள சர்க்கரையையும் வாசியுங்கள். என்ன தெரிகிறது?
3. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்? அவர் தட்டில் காலையில் என்ன மிஞ்சுகிறது?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் "அம்மா" என்பதே விடையாக இருக்கும். இரத்தசோகையும் அவர்களுக்கே அதிகம். நல்ல தானியத்தைத் தேர்ந்து வாங்குவது பாதி வேலை. அது அவர்கள் தட்டுக்கும் போய்ச் சேரும்படி பார்ப்பது மீதி வேலை.